எரிமலைத் தீவில் அரைநாள்

டிராவல்ஸ் தொழிலில் ஊர் போய்ச் சேர்வது சுலபம். ஆளைச் சேர்த்து வண்டியில் ஏற்றுவதற்குள்தான் உயிர் போய் உயிர் வரும். நீங்களும் ஒரு தடவையாவது கல்யாணத்துக்கு வேன் பேசியிருப்பீர்கள், சொந்தக்காரர்களைத் திரட்டித் திருச்செந்தூர் போயிருப்பீர்கள். ஒருத்தருக்கு வாந்தி, ஒருத்தருக்கு ஜன்னல் சீட்டு, ஒருத்தருக்கு வீட்டைப் பூட்டினோமா என்கிற சந்தேகம். நீங்கள் ஒருநாள் பட்ட பாட்டை வருஷம் முழுக்கப் படுகிறவன் நான். சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ் வைத்து, பழனி, சபரிமலை, வேளாங்கண்ணி என்று பிழைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஒரு பழக்கம் தொற்றியது. சீசனில் நன்றாக விற்றுக் கொடுத்த ஏஜெண்டுகளைக் குடும்பத்தோடு வெளிநாடு கூட்டிப்போவது. ஒரு கம்பெனி பாங்காக் போனால் அடுத்த கம்பெனி சிங்கப்பூர். போட்டி ஏறிக்கொண்டே போய், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பேக்டரி வைத்திருந்த ஒரு முதலாளி என்னைக் கூப்பிட்டு, கிரீஸ் நாட்டில் கப்பல் ஏறி, நடுவில் ஒரு எரிமலைத் தீவில் அரைநாள் இறங்கிப் பார்த்துவிட்டு வர ஏற்பாடு செய் என்றார். தீவுக்குச் சாண்டோரினி என்று பேர். அந்த அரைநாளுக்காக நான் பட்டதைத்தான் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வரவில்லை.

கொடி ஏறினால் கப்பல் இல்லை

முதல் சண்டை தேதிக்கு. தீபாவளி முடிந்தால்தான் எங்கள் ஆட்களுக்கு மூச்சுவிட நேரம். ஆனால் அந்த நேரம் பார்த்து அந்தக் கடலில் குளிர் வந்து கப்பலை நிறுத்திவிடுவார்களாம். மறுபடி எப்போது ஓட்டுவீர்கள் என்று சென்னை ஏஜென்சிக்காரரிடம் கேட்டால், நம் கணக்குக்குப் பங்குனி. பங்குனியில் மாரியம்மனுக்குப் பொங்கல். அது முடிந்து கால் நீட்டுவதற்குள் சித்திரையில் பத்ரகாளியம்மனுக்குப் பொங்கல். சாமிக்குக் கொடி ஏறிவிட்டால் வெளியூரில் இருக்கிறவனே ஓடி வந்துவிடுவான். உள்ளூரில் இருக்கிறவன் எல்லை தாண்டி ராத்தங்க முடியுமா? வைகாசி முழுக்கக் கல்யாணம். ஆனி பிறந்தால் வடநாட்டு லோடு ஆரம்பித்துவிடும்.

இதையெல்லாம் போனில் விளக்கியபோது சென்னைக்காரர், நீங்கள் ஊரில் இருப்பதே நல்லது என்று வைத்துவிட்டார். மறுபடி கெஞ்சிக் கூத்தாடி, மொய்யை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எல்லோரையும் சம்மதிக்க வைத்து, வைகாசிக்கு முடித்தேன். முதலாளிக்கு மட்டும் மனசே ஆறவில்லை. அவர் சொன்னது இது: “கப்பலை ஆடிக்குத் தள்ளச் சொல்லு தம்பி. நாம இம்புட்டுப் பேர் வரலேன்னா அவன் யாரை வச்சு ஓட்டுவான்?”

எவன் கொடுத்த லைசென்ஸ்

அந்த அரைநாளில் என்ன பார்ப்பது என்று பேச முதலாளி ஆபீசில் உட்கார்ந்தோம். கம்ப்யூட்டரில் படம் காட்டினேன். செங்குத்தான பாறை, உச்சியில் சுண்ணாம்பு அடித்த வீடுகள், கீழே நீலக்கடல். கடலுக்கு நடுவே கரிக்கட்டை மாதிரி இன்னொரு குட்டித் தீவு, அதுதான் எரிமலை, படகில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு காலத்தில் இது வெடித்துத்தான் தீவில் பாதி கடலுக்குள் போனது என்று சொல்லித் தொலைத்தேன். பட்டாசுக் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்துகொண்டு ‘வெடித்தது’ என்கிற வார்த்தையை யாரும் சும்மா சொல்வதில்லை. முதலாளி சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நோட்டீசில் அது வரவே கூடாது என்று உத்தரவு. அதனால் என் நோட்டீசில் அந்த எரிமலை ‘பழமை வாய்ந்த மலை’ ஆகிவிட்டது.

வாசல் ஓரமாக நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போர்மேன் குருசாமி அண்ணாச்சி. தாயில்பட்டிக்காரர். பேக்டரியில் மருந்து கலக்கும் ரூம் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அவர் போர்மேன் ஆன பிறகு அந்த பேக்டரியில் ஒரு விபத்து கிடையாது. அதற்காக ஆயுதபூஜை அன்று, இந்த வருஷம் குருசாமியும் அவன் வீட்டம்மாவும் நம்மகூடக் கப்பலில் வருகிறார்கள் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு அதில் பெரிய சந்தோஷம் இருந்த மாதிரி தெரியவில்லை. மாடிப்படி இறங்கும்போது என் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்: “அம்புட்டும் போன எடத்துல திரும்ப ஆள் குடியிருக்க எவன் தம்பி லைசென்ஸ் குடுத்தான்?”

கழுதை

கப்பல் தீவுக்குப் பக்கத்தில் போகாது. சின்னப் படகில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து உச்சிக்குப் போகக் கம்பியில் தொங்கும் பெட்டி ஒன்று உண்டு, படிக்கட்டு உண்டு, இல்லாவிட்டால் கழுதைமேல் உட்கார்ந்து போகலாம். வெள்ளைக்காரர்கள் ஆசையாகப் போவார்கள் என்று சென்னைக்காரர் அனுப்பிய படத்தை முதலாளியின் வீட்டம்மாவிடம் காட்டினேன். காப்பி கொடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொள்ளாத குறைதான். “கழுதை மேல ஏத்தி ஊர்வலம் விட, நாங்க என்ன தம்பி எவன் குடியையாச்சும் கெடுத்தமா?”

பேச்சியக்காவின் கேள்வி

ஒருநாள் மத்தியானம் குருசாமி அண்ணாச்சியின் மனைவி ஆபீசுக்கு வந்தார். பேச்சியம்மாள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முந்தானையைத் தலைவழியாகக் கொண்டுவந்து வலது கன்னத்தை மூடிப் பல்லில் கடித்தபடிதான் எப்போதும் வருவார். முன்பு அவரும் பேக்டரியில் திரி வைக்கிற வேலை பார்த்தவர். ஒருநாள் தீப்பிடித்ததில் வலதுபக்க முகமும் காதும் கழுத்தும் வெந்துபோயின. அந்தத் தீக்குப் பிறகுதான் அண்ணாச்சி ராப்பகலாகப் படித்துப் போர்மேன் பரீட்சை எழுதினார் என்று சொல்வார்கள். கல்யாணம், காதுகுத்து எதிலும் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் எடுக்கக்கூட ஆள் நடமாட்டம் ஓய்ந்தபிறகுதான் போவாராம்.

எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்விகளை நீங்கள் யூகித்துவிடலாம். சோறு கிடைக்குமா, ஊறுகாய் கொண்டுபோகலாமா, கப்பல் ஆடுமா. அக்கா அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அந்தத் தீவில் நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் இருப்பார்களா என்று கேட்டார். யாரும் இருக்கமாட்டார்கள் என்றேன். நம்மகூட வருகிற ஏஜெண்டுகள் இருப்பார்களே என்றார். அவர்களைப் படகில் எரிமலைக்கு அனுப்பிவிடுகிறேன், நீங்களும் அண்ணாச்சியும் மட்டும் பெட்டியில் ஏறி மேலே ஊருக்குப் போய்விடுங்கள், கப்பல் கிளம்புகிற வரை அந்தத் தெருவெல்லாம் உங்களுடையது என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரில் இருந்த வெள்ளை வீடுகளையே பார்த்தார். அண்ணாச்சிக்கு வர இஷ்டமில்லை, நான்தான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்றும் சொன்னார். எனக்கு அன்றைக்குத்தான் இந்தப் பயணம் எதற்கு என்றே புரிந்தது. முதலாளி, ஏஜெண்டு, கப்பல் எல்லாம் எக்கேடு கெட்டுப்போகட்டும், இந்த அம்மாளை மட்டும் அந்தத் தெருவில் இறக்கிவிட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். எழுந்து போகும்போது அவர் சொன்னது எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: “முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு, கைய வீசிக்கிட்டு, ஒரே ஒரு தெரு நடந்தாப் போதும் தம்பி.”

ஸ்டுடியோக்காரரின் பெரிய மனசு

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது என்பார்களே, அது விசா போட்டோவில் நடந்தது. திருத்தங்கலில் ஒரு ஸ்டுடியோ. அதை நடத்தியவர் முன்பு பட்டாசு லேபிளுக்கும் காலண்டருக்கும் படம் போட்டவர். குழந்தைக்குக் கன்னத்தில் ரோஜா நிறம், லட்சுமிக்கு மூக்கில் மினுக்கம் என்று போட்டுப் பழகிய கை. கம்ப்யூட்டர் வந்தபிறகு அந்தக் கை சும்மா இருக்குமா? அக்காவை உட்காரவைத்துப் படம் எடுத்தவர், அந்த அம்மாள் முந்தானையை விலக்கத் தயங்கியதைப் பார்த்து மனசு இளகியிருக்கிறார். இடதுகன்னத்தை எடுத்து வலதுபக்கம் ஒட்டி, காதை வைத்து, கழுத்தை வழித்து, தழும்பே இல்லாத முகமாக்கிக் கொடுத்துவிட்டார். அவர் நல்ல மனசோடு செய்த காரியம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாஸ்போர்ட்டில் ஒரு முகம், விசாவுக்கு இன்னொரு முகமா, வேறு படம் எடுக்க வேண்டும் என்று நான் குதித்தேன். அன்றைக்கு அனுப்பாவிட்டால் விசாவே கிடையாது, படத்தையெல்லாம் எவரும் உற்றுப் பார்ப்பதில்லை, அனுப்புங்கள் என்று சென்னைக்காரர் போனில் சத்தம் போட்டார். கூரியர் கட்டுகிற நேரத்தில் அக்கா அந்தப் படம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. “யாரு தம்பி இவ? நல்லாத்தான் இருக்கா.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

உற்றுப் பார்த்துவிட்டார்கள். மற்ற எல்லோருக்கும் விசா வந்தது. அக்காவை மட்டும் கணவரோடு நேரில் வரச்சொன்னார்கள். அப்போது சித்திரைப் பொங்கல் முடிந்து பேக்டரி திறந்த நேரம். லீவில் தேங்கிய ஆர்டர் மலை மாதிரிக் கிடந்தது, அக்கினி வெயில் வேறு. போர்மேன் இல்லாமல் மருந்தைத் தொடக்கூடாது. அண்ணாச்சி என் கண்முன்னால்தான் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து முதலாளி கையில் கொடுத்து, நான் திரும்பி வரும்வரை அந்த ரூமைத் திறக்க வேண்டாம், மற்ற வேலை நடக்கட்டும் என்று சொன்னார். முதலாளியும் நீ போய்ட்டு வா குருசாமி என்று தலையை ஆட்டினார். மூன்று பேரும் சென்னைக்கு ரயில் ஏறினோம்.

விசா ஆபீசில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் இருந்தார். முந்தானையை எடுக்கச் சொன்னார். அக்கா எடுத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், ஒரு குழந்தை தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. அந்த அம்மாள் படத்தைப் பார்த்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, எல்லாம் சரிதான், விசா வந்துவிடும் என்றார். சந்தோஷமான செய்திதான். ஆனாலும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடுமையாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் அவ்வளவு தணிந்த குரலில் சொன்னார்: “போதும்மா, மூடிக்கோங்க.”

எழும்பூர் ஸ்டேஷன்

சாயங்காலம் ரயிலுக்காக எழும்பூரில் உட்கார்ந்திருந்தோம். அக்கா அன்று நன்றாகப் பேசினார். அந்தத் தீவில் வெயில் எப்படி, செருப்புப் போட்டு நடக்கலாமா, கடலை விற்பார்களா என்று கேட்டார். அணைத்து வைத்திருந்த செல்போனை அப்போதுதான் அண்ணாச்சி உயிர்ப்பித்தார். உடனே மணி அடித்தது. கம்பெனி கணக்குப்பிள்ளை. மத்தியானம் மருந்து ரூமில் விபத்து. ஆர்டர் அவசரம் என்று ரூமைத் திறந்து, கொஞ்சம் போலக் கலக்கச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணாச்சி அழைத்துவந்து வேலைக்குச் சேர்த்த தாயில்பட்டி ஆட்கள் மூன்று பேர் போய்விட்டார்கள். முதலாளி ஊரில் இல்லை.

முதலாளி ஊரில் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘முதலாளி தலைமறைவு, போர்மேன் கைது’ என்ற வரியைப் பேப்பர்க்காரர்கள் அழிக்காமலேயே வைத்திருப்பார்கள். போர்மேன் இல்லாதபோது மருந்து கலந்தால் முதல் கேள்வி, போர்மேன் எங்கே போனான் என்பதுதான். கணக்குப்பிள்ளையும் அதையே சொன்னார். நீங்கள் இங்கே வராதீர்கள், அப்படியே எங்காவது சொந்தக்காரர் வீட்டில் இருங்கள், ஜாமீனுக்கு வழி செய்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றார். நானும் வெட்கமில்லாமல் அதற்கு ஒத்து ஊதினேன். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அண்ணாச்சி போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “செத்தது நான் கூட்டிட்டு வந்த ஆளுக தம்பி. நான் எங்கிட்டுப் போறது?”

கப்பல் நிற்கவில்லை

காலையில் விருதுநகரில் இறங்கி, நேராக அவரே போலீஸ் ஸ்டேஷன் போனார். அன்றைக்கே உள்ளே வைத்துவிட்டார்கள். சாவியை யாரிடம் கொடுத்தேன் என்று அவர் சொன்னார், நானும் போய்ச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. நான்கைந்து நாளில் அக்காவின் பாஸ்போர்ட் விசாவோடு என் மேசைக்கு வந்தது. அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, டூரை ரத்து செய்யலாம் என்று ஏஜெண்டுகளுக்குப் போன் போட்டேன். கப்பல் நம்ம ஊர் சாவுக்கு நிற்குமா என்று கேட்டார்கள். நிற்காதுதான். தலைமறைவில் இருந்தபடியே முதலாளியும் ஆள் அனுப்பி, ஏஜெண்டுகளை விட்டால் அடுத்த வருஷம் கம்பெனியே இல்லை, கூட்டிப் போ என்றார். போனேன். என் பிழைப்பு அது.

கரிக்கட்டை மாதிரி இருந்த அந்த எரிமலைக் குட்டித் தீவில் படகைவிட்டு இறங்கியதும் கந்தக வாடை முகத்தில் அடித்தது. கறுத்த மண், ஒரு செடி இல்லை, அங்கங்கே பாறை இடுக்கில் ஆவி. எனக்கு அது, விபத்துக்கு மறுநாள் பேக்டரியில் மருந்து ரூம் இருந்த இடத்தை எட்டிப் பார்த்த மாதிரியே இருந்தது. எங்கள் கூட்டத்தில் ஒருத்தர்கூட குருசாமி பேரை எடுக்கவில்லை. நல்லா விற்கிற ஏஜெண்டு ஒருத்தர் மட்டும் மலையை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்: “இந்த மலையையே லேபிள்ல போட்டு ஒரு ஐட்டம் விட்டா அடுத்த சீசனுக்குப் பிய்ச்சுக்கிட்டுப் போகும்ல?”

படகு ஊர்க்கரைக்குத் திரும்பியதும், அவர்களைக் கப்பலில் சேர்க்கச் சொல்லிப் படகுக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு, நான் மட்டும் கம்பிப் பெட்டியில் ஏறி மேலே ஊருக்குப் போனேன்.

தாயில்பட்டியில்

திரும்பி வந்தபோது அண்ணாச்சி ஜாமீனில் வெளியே வந்திருந்தார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார், எழுந்து வரவில்லை. முதலாளி அதற்குள் முன்ஜாமீன் வாங்கி பேக்டரியைத் திறக்க எழுதிப்போட்டிருந்தார். செத்துப்போனவர்கள் வீடு அதே தெருவில்தான். குருசாமி மட்டும் அன்றைக்கு எப்படித் தப்பித்தான், கப்பல் சவாரிக்கு விசா வாங்கப் போனவன்தானே என்று அந்த வீடுகளில் பேச்சு. அவர்கள் வயிற்றெரிச்சலை நான் குறை சொல்லமாட்டேன். அக்காவை முன்பு தழும்புக்காகப் பார்த்தவர்கள் இப்போது இதற்காகவும் பார்த்தார்கள். அக்கா தண்ணீர் எடுக்கப் போவதையும் நிறுத்திவிட்டிருந்தார்; பக்கத்து ஊரிலிருந்து தங்கச்சி வந்து பிடித்து வைத்துவிட்டுப் போனாள்.

பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். பிரித்துப் பார்க்காமல் அலமாரியில் வைத்தார். அந்த இழவுத் தீவைப் பற்றிப் பேசவே கூடாது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். அக்காவே கேட்டார், மேலே ஊருக்குப் போனாயா என்று. போனேன் என்றேன். நடந்தாயா என்றார். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தேன் என்றேன். யாரும் பார்த்தார்களா என்றார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எல்லோரும் முறைத்தார்கள், மோசமான ஊர், போகாததே நல்லது என்று சொன்னால் ஆறுதலாக இருக்குமோ என்னவோ. வாய் வரவில்லை. அங்கே எல்லோரும் கடலைப் பார்த்தபடி நின்றார்கள், வேட்டி கட்டிக்கொண்டு போன என்னையே ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை, தலை நரைத்த ஒரு பொம்பளை பாட்டுப் பாடிக்கொண்டே போனாள், அவளையும் யாரும் பார்க்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

அக்கா முகத்தில் வருத்தம் வரும் என்று பயந்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை. உள்ளே கட்டில் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டார்: “அப்ப அப்படி ஒரு தெரு இருக்கத்தான் செய்யுது, என்ன தம்பி?”

இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டதெல்லாம், போனாலும் சரி போகாவிட்டாலும் சரி என்று இருக்கிறவர்களுக்குத்தான் டிக்கெட் தவறாமல் உறுதியாகிறது என்பதுதான்.